பால் டின்னில் கால்வாசி

ரங்கூனில் எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பால் டின்னில்தான். பர்மா முழுக்க அதுதான் கணக்கு; கெட்டிப்பால் தீர்ந்தால் டின் படியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று மூன்று நாள் அளந்து எழுதி வரச் சொன்னார் டாக்டர். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு டின்னை எடுத்துக்கொண்டேன். கால்வாசிகூட நிறையவில்லை. மருந்துக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் 60 மில்லி. முதல் நாள் 31 தடவை. நல்ல மூத்திரப்பை 400, 500 மில்லி தாங்குமாம். எனக்கு அப்போது வயது 28.

காரணம் கெட்டமைன், போதைக்காக மூக்கில் இழுக்கும் ஒரு மயக்க மருந்து. இங்கே ‘கே’ என்றாலே புரியும். நண்பனின் பிறந்தநாளுக்குக் கேடிவி என்கிற கரோக்கே பாட்டு அறையில் தொடங்கியது. முதல் வருடம் சனி, ஞாயிறு. மூன்றாவது வருடம் தினமும். உடம்பு பழகப் பழக அளவு ஏறிக்கொண்டே போனது. இந்தப் பகுதி எல்லோருக்கும் ஒரே கதைதான், விடுங்கள்.

நீர்க்கடுப்பு வந்தபோது அம்மா “உடம்பு சூடுடா” என்று பார்லித் தண்ணி வைத்துக் கொடுத்தாள். குறையவில்லை. ஒரு வருடத்தில் மூன்று கிளினிக். போன இடமெல்லாம் கிருமி மாத்திரைதான் கொடுத்தார்கள். பரிசோதனையில் கிருமியே வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்தும் அடுத்த கோர்ஸ். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். “வேற ஏதாவது பழக்கம் உண்டா?” என்று மூன்று பேருமே கேட்டார்கள். மூன்று பேரிடமும் இல்லை என்றேன். 1993ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் விளையாட்டில்லை. சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், வலிக்கும்போது கே எடுத்தால் வலி போய்விடும். மயக்க மருந்துதானே அது. அதனால் நோய்க்கு மருந்தே கேதான் என்று நான் மனதார நம்பினேன். மருந்து இறங்கியதும் வலி முன்னைவிடக் கூடுதலாக வரும், மறுபடி எடுப்பேன். அப்புறம் மேல்வயிற்றிலும் பிடிக்க ஆரம்பித்தது. குளியலறைத் தரையில் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்த ராத்திரிகள் உண்டு.

பெகுவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். இங்கிருந்து 80 கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் நான்கு தடவை பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். நான்காவது தடவை ரத்தம் கட்டிகட்டியாகப் போனது. கைலியில் கறையை அக்கா பார்த்துவிட்டாள். அன்று மண்டப வாசலில் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “நாளைக்கே போவோம். ஆனா அங்க பொய் சொல்லக்கூடாது” என்றார்.

சிறுநீரக டாக்டர் ஒரு பர்மியப் பெண். டாக்டரம்மாவை இங்கே ‘சயாமா’ என்போம். நான் சொல்லி முடித்ததும் ஒரு படம் வரைந்தார். மூக்கு வழியாகப் போனாலும் கெட்டமைன் கடைசியில் சிறுநீரில்தான் இறங்குகிறது. அதுவும் அதிலிருந்து பிரியும் பொருளும் பையில் தங்கித் தங்கி உள்தோலைப் புண்ணாக்குகின்றன. ஆற ஆறத் தழும்பாகிப் பை சுருங்கும், மேலே சிறுநீரகம் வீங்கும். கனடாவிலும் ஹாங்காங்கிலும் 2007லேயே மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்களாம். எனக்கு ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம். ஈரல் கணக்கும் ஏறியிருந்தது.

கேமரா விட்டுப் பார்க்கும் நாளில் மயக்க மருந்து டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். “உனக்குக் கெட்டமைன் தொடமாட்டோம்” என்று சிரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது இதே மருந்துதான். ஆபரேஷன் அறையில் உயிர் காக்கிறது.

நிறுத்துவதுதான் வைத்தியம், மற்றதெல்லாம் துணைக்குத்தான் என்றார் சயாமா. ஹெராயினை விடுபவர்களுக்குக் கொடுக்கும் மெத்தடோன் மாதிரி இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. போனை அத்தான் வாங்கி வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வாரம் தூக்கமில்லை, வியர்வை, எரிச்சல். வலி குறையும் என்று நினைத்திருந்தேன், கூடியது! இத்தனை நாள் மரத்திருந்த புண் விழித்துக்கொண்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால்தான் தாங்கினேன். பையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை குழாய் வழியாகப் பைக்குள் மருந்து, ஆறு வாரம். அதிலும் சரியாகாதவர்களுக்குக் குடலில் ஒரு துண்டெடுத்துப் பையைப் பெரிதாக்கும் ஆபரேஷன் இருக்கிறதாம். எனக்கு அதுவரை போகவில்லை. நடுவில், ஐந்தாம் வாரம், ஒருமுறை வழுக்கினேன். நோட்டில் அந்த வாரத்து எண்கள் அப்படியே கீழே கிடக்கின்றன.

ஒரு தடவைக்குப் போகும் அளவு ஒரு மாதத்தில் 90 மில்லி. நான்காவது மாதம் 150. இப்போது பதினொன்றாவது மாதம், 230. சிறுநீரக வீக்கம் வடிந்துவிட்டது, ஈரலும் சரி. ஞாபகம் மட்டும் இன்னும் பழைய மாதிரி இல்லை. தெரிந்தவர்கள் பெயர் தொண்டைவரை வந்து நிற்கும். ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறேன். பஸ்ஸில் கதவோரத்து சீட்தான்.

அம்மாவிடம் அக்கா மெதுவாகச் சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அடுக்களையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கு அரிசி டின்னாடா கெடச்சுது உனக்கு?”