மருமகன், ஏன் அந்தரப்படுறீங்க?

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு ராத்திரி ரயிலில் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாகோவில் பிரிந்து கல் ஓயா, பொலன்னறுவை என்று வரும்போது யானை நடமாடும் காட்டில் வண்டி உருண்டுகொண்டே வரும், அதனால் இன்னும் கூடலாம். ஊரில் இதை வெளிநாடு என்றால் சிரிக்கிறார்கள். "பக்கத்துலதானேடா இருக்கு, அங்கயும் தமிழ்தானே பேசுறாங்க?" உண்மைதான், ஆனால் விசா புதுப்பிக்கப் போய் நிற்கும்போது இந்த இரண்டாலும் காலணா பிரயோஜனம் இல்லை.

கல்யாணம் முடிந்து மட்டக்களப்பை ஒட்டிய கல்லடியில் மனைவி வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். இந்தப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பதும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதும் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். அதனால் வீட்டோடு மாப்பிள்ளை என்று என்னை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை, திருச்சியில் இருக்கும் என் சித்தப்பாவைத் தவிர.

வேலை பெங்களூர் கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடியே. கார்த்திகை மார்கழி மழையில் காற்றோடு அடித்தால் கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். ஆடி வந்தால் கச்சான் காற்று. மேற்கே மலைநாட்டில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்கும் காற்று அது, மதியம் மின்விசிறியைப் போட்டால் அனலைத்தான் அள்ளி வீசும். மீட்டிங் நடுவில் திரை இருண்டு நான் மோடத்தை அணைத்து, போட்டு, போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கும் அறைக்கும் ஓடுவதை மாமி திண்ணையில் இருந்து பார்ப்பார். "மருமகன், ஏன் அந்தரப்படுறீங்க? போன கரண்ட் வரும்தானே. மறுகா செய்யலாம்." அந்தரப்படுவது என்றால் பதறுவது, மறுகா என்றால் பிறகு. முதலில் இந்த 'மறுகா' எனக்குக் கோபத்தைக் கிளப்பும். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் ராப்பகலாக வரிசையில் கிடந்தவர்களிடம் போய் என் அரை மணி நேர மீட்டிங்கைப் பற்றி என்னவென்று புலம்புவது?

பஸ் விஷயம் தனி. கல்முனை போகும் தனியார் பஸ்ஸில் ஏறினால் "காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி" என்று கண்டக்டர் கூவிக்கொண்டே இருப்பார், டிரைவர் கிளம்பிவிட்டதுபோல ஓரடி முன்னே எடுப்பார், நிற்பார், அரையடி பின்னே வருவார், ஓடி வருகிற ஒருவருக்காகக் காத்திருப்பார், அவர் பஸ்ஸுக்காக ஓடி வரவில்லை என்பது தெரிந்ததும் அடுத்தவருக்காகக் காத்திருப்பார். பின்னால் இன்னொரு பஸ்ஸின் ஹார்ன் கேட்டதோ இல்லையோ, அதே மனிதர் காத்தான்குடிக் கடைத்தெருவிலும் பறப்பார். அவசரம் என்பதே இந்த ஊருக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் இந்த பஸ்ஸில் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

நான் உண்மையில் மாறியது ஒரு வதிவிடச் சான்றிதழுக்காக அலைந்தபோதுதான். கிராம சேவகர் ஒப்பம், அதற்கு மேல் இன்னோர் இடத்தில் மேலொப்பம். கிராம சேவகர் இருக்கும் நாளில் மேலே ஒப்பம் வைப்பவர் கூட்டத்துக்குப் போயிருப்பார், அவர் இருக்கும் நாள் போயா. பௌர்ணமி விடுமுறை என்பது எனக்கு மண்டையில் ஏறவே நாளானது. இப்போது காலண்டரில் முதலில் நிலாவைத்தான் பார்க்கிறேன்.

அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை. புதிதாக வருபவர் "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார், பிறகு தேத்தண்ணி குடிக்கப் போவார், மரத்தடியில் சாய்வார், சந்தைக்கே போய் மீனும் வாங்கி வந்துவிடுவார். முறை தவறாது. நான் ஒருவன்தான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஓர் அம்மா, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்தவர். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், உள்ளே அடையாள அட்டைப் பிரதி, மடிப்பு விழுந்து எழுத்து அழிந்த கடிதங்கள், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையனின் படம். யுத்தத்தில் காணாமல்போன மகன். இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணவில்லை என்று மட்டும் பதிகிற சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதைக்கூட எடுக்க அவருக்கு மனமில்லை, வந்தது வேறு ஏதோ உதவிப்பணம் விஷயமாக. என்னிடம் கேட்டார், "தம்பிக்கு என்ன வேலையா வந்த?" சொன்னேன். "அது கிடைச்சிரும், இருங்க" என்றார்.

கிழக்கு மாகாணத்து ஜனங்களின் பொறுமையை வெளியாட்கள் புகழ்ந்து எழுதுவதை நிறையப் படித்திருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த அம்மாவிடம் இருந்தது பொறுமையா, வேறு வழியில்லாததா என்று யார் போய்க் கேட்டார்கள்? அவரைக் காக்க வைத்தவர்களுக்கு அந்தப் புகழ்ச்சி நல்ல வசதியாகப் போய்விடுகிறது.

எனக்கு வேண்டியது சின்னப் பொறுமை. ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன். முதல் நாளே "வேறென்ன வேணும், சேர்? வேறென்ன?" என்று உத்தியோகத்தர் சலித்துப்போகும்வரை கேட்டு, அவர் கையாலேயே துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிவிடுகிறேன், அடுத்த தடவை புதிதாக ஒரு பத்திரம் முளைக்காது. அப்புறம் கதவை விட்டு மரத்தடிக்கு வந்துவிட்டேன். மற்றபடி கத்துவதைச் சுத்தமாக விடவில்லை. என் இந்திய வங்கியின் ஓடிபி வாவிக்கரையில் நின்றாலும் வருவதில்லை, மொட்டை மாடியில் நின்றாலும் வருவதில்லை, நேரம் முடிந்த பிறகு மூன்றாகச் சேர்ந்து வருகிறது. அதற்கு மட்டும் மாமியும் 'மறுகா' சொல்வதில்லை, நான் திட்டி முடிக்கும்வரை அடுப்படிக்குள் போய்விடுகிறார்.