மறுப்பதென்றால் எழுத்தில் கொடுங்கள் சார்

முப்பது நாற்காலி போடும் அளவு கூட்டம். பயங்கரவாதத் தடுப்புக்குப் பயன்படும் உபா (UAPA, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) பற்றி ஒரு வழக்கறிஞர் பேசுவார், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். இடம் வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் ஒரு மண்டபத்து மாடி. அதற்கு அனுமதி வாங்க நான்கு முறை காவல் நிலையப் படி ஏறினேன்.

முதல் நாள், மனுவில் "பயங்கரவாதத் தடுப்பு" என்ற சொல்லைப் பார்த்ததுமே ரைட்டர் அதை மடித்துத் திருப்பித் தந்தார். "ஐயா வரட்டும்." மறுநாள் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள், வருகிறவர்கள் எல்லாருடைய பெயர், செல் நம்பர், ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். சட்டம் தெரிந்துகொள்ள வருகிறவரிடம் ஆதார் எதற்கு? "மேலே கேட்பாங்க சார், காலம் அப்படி."

அன்று மாலையே மண்டபக்காரர் போன் செய்தார். "தம்பி, தனிப்பிரிவு போலீசுல இருந்து வந்து விசாரிச்சாங்க. புள்ளைகுட்டிக்காரன் நான். அட்வான்ஸ வாங்கிக்குங்க." மிரட்டியதாக அவரும் சொல்லவில்லை. வந்து கேட்டார்கள், அதுவே போதுமாக இருந்தது. எனக்கு ஆறாதது இதுதான்.

மேடையில் பேசியதற்காக 2002-ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதான வைகோ சுமார் 19 மாதம் இருந்தது இதே வேலூர் சிறையில்தான். பொடா 2004-ல் ரத்தானது. ஆனால் மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, 2008 டிசம்பரில், உபாவைத் திருத்திவிட்டார்கள். குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் குதிரைக்கொம்பு. பொடாவுக்கும் அதற்கு முந்தைய தடாவுக்குமாவது, புதுப்பிக்காவிட்டால் சட்டமே காலாவதியாகும் என்ற காலக்கெடு இருந்தது. உபாவுக்கு அதுவும் இல்லை. இதைத்தான் பேச நினைத்தோம்.

நான் செய்த தவறு, முதல் நாளே மனுவின் நகலில் சீல் வாங்காதது. நீங்கள் அது இல்லாமல் திரும்பாதீர்கள். அப்புறம் ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகல் போட்டேன். நான்காம் முறை போனபோது, "மறுப்பதென்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் சார்" என்று மட்டும் கேட்டேன். எழுத்தில் தர யாருக்கும் மனமில்லை. ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது: மைக் கூடாது, எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் நான் கொடுக்கவே இல்லை.

நண்பர் வீட்டு மொட்டைமாடியில் 22 பேர் கூடினோம். கீழே ஒருவர் எங்கள் வண்டி நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தார். எந்த விதிப்படி எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். பதில் தர 30 நாள், இன்றோடு 11 நாள் ஆகிறது.