எந்தப் போட்டி என்று காட்டுங்கள்

டோக்கியோ அலுவலகத்தில், வாடிக்கையாளர் கணக்குகளில் நடக்கும் மோசடியைக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு சுமோவை உதாரணமாக எடுத்தது என் யோசனை. அதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

மேல் இரண்டு பிரிவு வீரர்களுக்கு ஒரு தொடரில் 15 போட்டிகள். 8 ஜெயித்தால் தரவரிசை தப்பிக்கும். கடைசி நாளில் 7-7 (7 வெற்றி, 7 தோல்வி) என்று நிற்பவருக்கு அந்த ஒரு வெற்றி உயிர். 8-6 எதிராளிக்கு அவ்வளவு இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் டுகன், லெவிட் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 7-7 ஆள் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்ததோ கிட்டத்தட்ட 80 சதவீதம்.

எங்கள் குழுவின் மூத்தவர், சின்ன வயதிலிருந்து சுமோ பார்ப்பவர், கேட்டார்: "உயிரைக் கொடுத்து மோதுகிறவன் ஜெயிக்கமாட்டானா?"

பதில் தயாராக இருந்தது. அதே இருவர் இந்த நெருக்கடி இல்லாமல் அடுத்த முறை மோதினால், முன்பு ஜெயித்தவர் 40 சதவீதம்தான் ஜெயிக்கிறார், கடனைத் திருப்பித் தருவதுபோல. பத்திரிகைகளில் புகார் கிளம்பும் காலத்தில் இந்த வித்தியாசமே மறைந்துவிடுகிறது. அப்புறம் 2011. பேஸ்பால் சூதாட்ட விசாரணையில் சிக்கிய செல்போன்களில், எப்படிப் பாய்வது, எப்படி விழுவது என்று வீரர்கள் முன்கூட்டியே பேசிவைத்த குறுஞ்செய்திகள் கிடைத்தன. ஒசாகாவின் மார்ச் தொடரே ரத்தானது. சிக்கியவர்களில் பலர் இரண்டாம் பிரிவுக்காரர்கள். அங்கிருந்து ஒரு படி இறங்கினால் மாதச் சம்பளமே கிடையாது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "சரி, அந்த எண்பதில் விட்டுக்கொடுத்தது எந்தப் போட்டி என்று காட்டுங்கள்."

"தனித்தனியாகக் காட்ட முடியாது. மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும்."

"அப்படியானால் தினமும் நாம் யாருடைய கணக்கை முடக்குகிறோம்?"

அது தற்காலிகம்தான், வாடிக்கையாளர் கூப்பிட்டால் திறந்துவிடுவோம் என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கேள்வி நியாயமில்லை என்றுதான் முதலில் பட்டது. நாங்கள் ஒரே ஒரு எண்ணை வைத்து முடக்குவதில்லை. இடம், நேரம், எந்த போன் என்று பத்து விஷயம் பார்க்கிறோம். ஆனால் பத்தும் சேர்ந்து தருவது சாத்தியக்கூறுதானே? 2020 ஜனவரி தொடரில் தோகுஷோர்யூ முதல் பிரிவின் அடிமட்டத்திலிருந்து வந்து 14-1 என்று கோப்பையை வென்று அழுதார். மோசடியைக் கணிக்கும் எங்கள் கணினி மாடலின் கையில் அந்தத் தொடரைக் கொடுத்திருந்தால் பாதியிலேயே சிவப்பு எச்சரிக்கை விழுந்திருக்கும். எதிர்பாராததை எல்லாம் சந்தேகிக்கத்தானே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதற்காக 2011-ன் குறுஞ்செய்திகள் இல்லையென்று ஆகிவிடுமா என்ன?

அடுத்த வாரம், முடக்கும் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தலாமா என்று கூட்டத்தில் நானே கேட்டேன். முதல் ஆளாக வேண்டாம் என்றது அவர்தான். ஒரு திருடன் தப்பினால் யார் பதில் சொல்வது என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. வரம்பு அப்படியே இருக்கிறது, பயிற்சியில் அந்த சுமோ ஸ்லைடும்தான்.