பரோசாவில் செருப்பைக் கழற்றிய கதை

அக்காவும் மாமாவும் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் சின்னதாக ஒயின் ஆலை தொடங்கியிருக்கிறார்கள். மார்ச் அறுவடைக்குக் கைகொடுக்கப் போனேன். தோட்ட வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார் மாமா, கோயில் மாதிரி! திராட்சை வேரை அழிக்கும் ஃபிலாக்செரா பூச்சி அந்த மாநிலத்துக்குள் வந்ததில்லை. வெளிமண் ஒட்டிய காலோடு உள்ளே இறங்கக்கூடாதாம்.

எனக்குக் கிடைத்த வேலை, ஷிராஸ் என்ற கருந்திராட்சை நொதிக்கும்போது மேலே மிதக்கும் தோலைக் கட்டையால் உள்ளே அமுக்குவது. நிறமெல்லாம் அந்தத் தோலில்தான். ஒரு நாளைக்கு மூன்று முறை, தோள்பட்டை கழன்றுவிட்டது. "ரொம்பக் குனியாதடா, கரியமில வாயு ஆளையே சாய்ச்சிரும்" என்று அக்காவின் அதட்டல் வேறு.

பாட்டில் கேட்பவர்கள் பொறுக்கவும். இனி பீப்பாயில் ஒரு வருஷமாவது கிடக்கணும்.

அப்புறம், அம்மாவிடம் 'திராட்சைத் தோட்டம்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.