லுக்ஸ் கட்டும் நாட்கள்

பிப்ரவரி 2
ஒட்டிக் கட்டும் மாதிரி வண்டியின் 1/35 அளவு கிட் வந்துவிட்டது. லுக்ஸ், ஜெர்மன் ராணுவத்தின் எட்டுச் சக்கர வேவு வண்டி. காசெல் நகரில் தைசன்-ஹென்ஷல் ஆலை 1975 முதல் 1978 வரை 408 வண்டிகள் கட்டிக் கொடுத்தது. எனக்கு எல்லா டாங்கிகளையும்விட இதன் மேல்தான் ஆசை.

பிப்ரவரி 8
அடிப்பாகமும் அச்சுகளும். எட்டுச் சக்கரமும் திரும்பும். அதனால்தான் ஏழே முக்கால் மீட்டர் நீள வண்டி சிறிய இடத்திலும் வளையும். சக்கரங்களைச் சற்றே திருப்பி ஒட்டினேன்.

பிப்ரவரி 15
இன்று பின்பக்கம். லுக்ஸின் உயிரே இங்கேதான். நான்கு பேரில் ரேடியோ பார்ப்பவர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தனி ஸ்டீயரிங். காட்டுப்பாதையில் எதிரி எதிர்ப்பட்டால் பத்தொன்பதரை டன் வண்டியை நிறுத்தித் திருப்ப நேரம் இருக்காது. ஓட்டுவதை அவர் கையில் எடுத்துக்கொள்வார். முன்னால் போகும் அதே வேகத்தில், மணிக்கு சுமார் 90 கிலோமீட்டரில், வண்டி பின்னால் போகும். வேவுக்காரர் பார்த்ததைத் திரும்பி வந்து சொன்னால்தானே பயன்! 20 மி.மீ. துப்பாக்கி தற்காப்புக்குத்தான்.

பிப்ரவரி 17
பின்னால் இரண்டு புரொப்பெல்லர்கள். தண்ணீரில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் போகும். இதுவும் திரும்பி வருவதற்கான ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு. பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனி தன் பாலங்களிலேயே வெடிமருந்து வைக்கக் குழிகள் அமைத்து வைத்திருந்தது. சோவியத் படை வந்தால் பாலம் போய்விடும். அக்கரையில் நிற்கும் வேவு வண்டி நீந்தித்தான் வர வேண்டும்.

பிப்ரவரி 26
வேலை அதிகம். ஒட்டவே இல்லை.

மார்ச் 3
கோபுரத்தின் பக்கத்தில் பெரிய விளக்கு. அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி இரவில் பார்ப்பதற்கு. ஆனால் எதிரியிடமும் அகச்சிவப்புக் கருவி இருந்தால், விளக்கைப் போட்டவர் இருக்கும் இடம் அவருக்குப் பளிச்சென்று தெரியும். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்ட வண்டிக்கு இது பொருந்தவே இல்லை. பிறகு ஒளி பாய்ச்சாமலே வெப்பத்தை வைத்துப் பார்க்கும் வெப்பப் படக்கருவி வந்து அந்தக் குறை தீர்ந்தது.

மார்ச் 9
வண்ணம். 80களில் வந்த பச்சை, பழுப்பு, கருப்பு மூவண்ணமா, அதற்கு முந்தைய ஒற்றை ஆலிவா? பழையதுதான் சரி, அந்த விளக்குக் காலத்து வண்டிதானே இது.

பால்கன் நாடுகளில் அமைதிப் படையோடும் ஓடிவிட்டு, 2009இல் லுக்ஸ் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த ஃபென்னெக் சிறியது, நான்கு சக்கரம், அதன் கருவிகள் அருமை. ஆனால் நீந்தாது. ஆறுகள் நிறைந்த நாட்டில் அதை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.