கடைசித் தெருவுக்குத் தண்ணீர்: ஒரு வார்டு உறுப்பினரின் நாட்குறிப்பு

ஜூலை 5, 2023, புதன்

இன்று தொட்டி கழுவும் நாள். மேல்நிலைத் தொட்டியை மாதம் இரண்டு முறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவிவிட வேண்டும். கழுவிய தேதியைத் தூணில் பெயிண்டால் எழுதி வைக்க வேண்டும். தேதியை மட்டும் மாற்றி எழுதிவிட்டுப் போகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் இந்த இரண்டு நாளும் முடிந்தவரை தொட்டியடிக்குப் போய் நின்றுவிடுவேன்.

டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வேலையில் சுத்தம். பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். எங்கள் தொட்டி 30,000 லிட்டர், அப்படியானால் 120 கிராம். அதைத் தூளாகவே உள்ளே கொட்டிவிடக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அண்ணன் அப்படித்தான் செய்கிறார்.

நீர் திறந்த பிறகு பரிசோதனைக் குப்பியை எடுத்துக்கொண்டு கிழக்குத் தெருக் கடைசிக்குப் போனேன். பெரிய தெருவில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் நல்ல மஞ்சள் வருகிறது. கிழக்குத் தெருவில் பிடித்ததில் நிறமே வரவில்லை. குளோரின் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஏன் என்று அந்தத் தெருவைப் பார்த்தாலே தெரியும். அழுத்தம் இல்லாததால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழி வெட்டி, குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். சில குழியில் இடுப்பளவு இறங்கி நின்றுதான் குடம் பிடிக்க முடியும். குழாய் வாயில் துணி சுற்றியிருக்கிறது. கீழே நேற்றைய தண்ணீர், சோப்பு நுரை, வேப்பிலைச் சருகு. தண்ணீர் நிறுத்தியதும் குழாய்க்குள் காற்று இழுக்கும்போது, குழியில் தேங்கிய அழுக்கும் கூடவே உள்ளே போகும். தெருவில் அடிக்கடி குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குழிக்குள் நின்ற அப்பத்தா ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏத்தா மெம்பரு, எங்களுக்கு மட்டும் தண்ணி பள்ளத்துலதான் வருமா?” என்றார்.

ஜூலை 12, புதன்

முதலில் கணக்கு. இந்தத் தொட்டியை நம்பியிருப்பது சுமார் 120 வீடு. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 480 பேர். ஜல் ஜீவன் திட்டம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 26,400 லிட்டர். ஒரு தொட்டி முழுசாக நிரம்பினால் அத்தனை பேருக்கும் போதும், மிச்சமும் இருக்கும். தொட்டியும் தினமும் நிரம்புகிறது.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் விடியற்காலை வால்வு திறக்கும் நேரத்தில் அண்ணனோடு தெருத்தெருவாக நடந்தேன். பெரிய தெருவில் ஏழு வீட்டில் மோட்டார் சத்தம் கேட்டது. குழாயில் நேராக மோட்டாரை மாட்டி மாடிச் சின்டெக்ஸுக்கு ஏற்றுகிறார்கள். மோட்டார் ஓடும்வரை பின்னால் இருக்கும் வீடுகளுக்குச் சொட்டுக்கூட நகராது. அப்புறம், பள்ளிக்கூடத்துப் பக்கம் இருக்கிற கேட் வால்வு பாதி திறந்தபடியே துருப்பிடித்து நின்றுவிட்டது. மூடவும் முடியாது, முழுசாகத் திறக்கவும் முடியாது. வால்வு இருக்கும் சிமெண்டுத் தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் நிற்கிறது.

ஊரில் தண்ணீர் இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். தண்ணீர் இருக்கிறது, பங்குதான் இல்லை.

ஜூலை 24, திங்கள்

இன்றிலிருந்து மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாம். காலையிலிருந்தே ஒரே கூட்டம். ஊராட்சி அலுவலக வாசலில் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புத்தகத்தோடு பெண்கள். வேறு எந்த வேலையும் ஓடவில்லை, ஓடவும் வேண்டாம். மாதம் 1,000 ரூபாய் கைக்கு வருவது சின்ன விஷயமில்லை.

தெற்குத் தெருவில் இரண்டு விளக்கு எரியவில்லை என்று சொல்லி வைத்தேன். சாயங்காலமே மாட்டிவிட்டார்கள்.

ஜூலை 28, வெள்ளி

மாதக் கூட்டம். தலைவர் அக்கா, துணைத்தலைவர் மாமா, ஆறு வார்டு உறுப்பினர்களில் ஐந்து பேர், செயலாளர் தம்பி.

கிழக்குத் தெருப் பேச்சை எடுத்ததும் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது, “அங்க தனியா ஒரு போர் போட்டு, ஒரு சின்னத் தொட்டி வச்சுக் குடுத்துரலாம்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிவகங்கைச் சீமையில் எங்கே துளை போட்டாலும் நல்ல தண்ணீர் வந்துவிடாது. கிழக்குத் தெருப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. அதில் துணி துவைக்கலாம், சோறு பொங்க முடியாது. பெரிய தெருவுக்கு நல்ல தண்ணீர், கடைசித் தெருவுக்கு உப்புத் தண்ணீர் என்று நாமே எழுதிக் கையெழுத்துப் போடுவதா? இதை நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அந்தத் தெருவில் இருப்பவர்கள் யார், ஏன் அந்தத் தெரு எப்போதும் கடைசியாகிறது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நான் கேட்டது மூன்று. துருப்பிடித்த வால்வை மாற்ற வேண்டும். திறக்கும் வரிசையை மாற்றி, கிழக்குத் தெருவுக்கு முதலில் விட வேண்டும். குழாயில் மாட்டிய மோட்டார்களை எடுக்க வேண்டும்.

முதல் இரண்டுக்கும் சிக்கல் இல்லை. வால்வுக்குப் பணமும் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம், வேறு எதற்கும் எடுக்க முடியாது. செயலாளர் தம்பி இருப்பைப் பார்த்து, தாராளமாகச் செய்யலாம் என்றார். மூன்றாவதில்தான் இழுபறி. மோட்டார் வைத்திருக்கும் வீடுகளில் ஒன்று எங்கள் உறுப்பினர் ஒருவரின் சொந்தக்காரர் வீடு. “ஊருக்குள்ள சண்டை வேணாம்மா” என்றார் மாமா. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சண்டை ஏற்கெனவே இருக்கிறது, தினமும் அந்தக் குழிக்குள் நடக்கிறது. பெரிய தெருவில் இருக்கிறவர்கள் காதில் அது விழுவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் தலைவர் அக்கா ஒரு வழி சொன்னார். “கிராம சபையில வைப்போம். சனம் சொல்லட்டும்.”

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஊருணிக் கரையில் முளைப்பாரி. தண்ணீர் கம்மிதான், ஆனாலும் குழந்தைகள் விடவில்லை. ஊருணிக்கு வரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டினால்தான் உண்டு. நூறுநாள் வேலையில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நாளை கிராம சபை. சுழற்சி முறையில் இந்தத் தடவை கிழக்குத் தெருவின் முறை, அங்கே இருக்கும் அங்கன்வாடி முன் மைதானத்தில். இடத்தை மாற்றி, வழக்கம்போல அலுவலக வாசலிலேயே வைத்துவிடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தலைவர் அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 500க்கு மேல், 3,000க்குள். ஆகவே குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறுநாள் வேலைத் தளத்துக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கி, தேவையான ஆள் வந்ததாகக் கணக்குக் காட்டுகிற பழக்கம் இந்தத் தடவை வேண்டாம் என்று எல்லா உறுப்பினரிடமும் சொல்லியாகிவிட்டது. வருகிறவர் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் கையெழுத்து.

சாயங்காலம் கிழக்குத் தெருவில் வீடு வீடாகப் போனேன். “நாங்க வந்து என்னத்தா ஆகப்போகுது, எழுதுறதை எழுதிக்குவாக” என்பதுதான் முக்கால்வாசிப் பேர் சொன்னது. அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றிவிட்டு 11 மணிக்குச் சபை கூடியது. கூட்டம் நூறைத் தாண்டியது, பாதிக்கு மேல் பெண்கள். வரவு செலவை பிளக்ஸில் அடித்துக் கட்டியிருந்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரைக்குமான கணக்கைச் செயலாளர் தம்பி வாசித்தார். தெருவிளக்கு மின்கட்டணத்தைப் பற்றி ஒரு பையன் நல்ல கேள்வி கேட்டான். உரிமைத்தொகை பற்றித்தான் ஏகப்பட்ட கேள்வி. சபையை மேற்பார்க்க ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

குடிநீர் விஷயம் வந்தபோது நான் எழுந்து அந்தக் கணக்கைச் சொன்னேன். 30,000 லிட்டர், 480 பேர், 55 லிட்டர். பெரிய தெருவிலிருந்து ஒருவர் எழுந்து, “மாடி வீட்டுக்கு மோட்டார் இல்லாம எப்புடிம்மா ஏறும்?” என்றார். நியாயமான கேள்விதான். குழாய்த் தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து, அந்தத் தொட்டியிலிருந்து மோட்டாரில் ஏற்றிக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஊர்க் குழாயிலிருந்து நேராக உறிஞ்சுவதுதான் கூடாது.

அவர் திரும்பப் பேசுவதற்குள் குழிக்குள் நின்ற அந்த அப்பத்தா எழுந்துவிட்டார். “எல்லாரும் இம்புட்டுத் தூரம் வந்துட்டீக. நம்ம தெருவைக் கொஞ்சம் நடந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார். பற்றாளர் எழுந்தார், தலைவர் அக்கா எழுந்தார், பின்னால் பாதிச் சபை போனது. பெரிய தெருக்காரர்களில் பல பேர் அந்தக் குழிகளை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். இருநூறு அடி தள்ளி இருக்கிற தெரு.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை. செயலாளர் தம்பி எழுதியதை முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டது கிழக்குத் தெருப் பெண்கள்தான். ‘ஆவன செய்யப்படும்’ என்று முடித்திருந்ததை மாற்றி, முதலில் நோட்டீஸ், 15 நாளில் மோட்டாரை எடுக்காவிட்டால் இணைப்புத் துண்டிப்பு என்று எழுத வைத்தார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஏழு வீட்டுக்கும் நோட்டீஸ். நானும் கூடவே போனேன், ஏனென்றால் செயலாளர் தம்பி தனியாகப் போனால் வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான்கு வீட்டில் அன்றைக்கே கழற்றினார்கள். சபைக்கு வந்து குழியைப் பார்த்த அண்ணன் ஒருவர், நோட்டீஸுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டாராம். ஒரு வீட்டில் திட்டு. இன்னொரு வீட்டில், அதாவது அந்தச் சொந்தக்காரர் வீட்டில், கதவைத் திறக்கவே இல்லை. நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தோம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

வால்வு மாற்றியாயிற்று. பழையதை வெளியே எடுத்தபோது உள்ளே மண்ணும் துருவும் கட்டியாக அடைத்திருந்தது. வால்வுத் தொட்டியை உயர்த்திக் கட்டி, மேலே மூடி போட்டார்கள். இனிமேல் சாக்கடை உள்ளே இறங்காது.

இன்றிலிருந்து புது வரிசை. மற்ற வால்வுகளை மூடிவிட்டு, முதல் முக்கால் மணி நேரம் கிழக்குத் தெருவுக்கு. கடைசி வீட்டுக் குழியில் தண்ணீர் வேகமாக அடித்து, குடத்துக்கு வெளியே தெறித்தது. குப்பியில் சொட்டு விட்டேன். மஞ்சள் வந்தது. பெரிய தெருவை விடக் கொஞ்சம் வெளிர்தான், ஆனால் மஞ்சள்.

கடைசி இரண்டு மோட்டாரில் ஒன்றை இன்று காலை அவர்களே எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வீட்டு இணைப்பை மட்டும் தீர்மானப்படி துண்டிக்க வேண்டி வந்தது. சாயங்காலமே மோட்டாரைக் கழற்றிவிட்டு வந்து கேட்டார்கள், திரும்ப இணைப்புக் கொடுத்தாகிவிட்டது. உறுப்பினர் என்னோடு பேசுவதில்லை. பேசும்போது பேசட்டும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

உரிமைத்தொகை 15ஆம் தேதியிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. வராதவர்கள் மேல்முறையீட்டுக்கு அலைகிறார்கள். ஊராட்சிக்கு இதில் அதிகாரம் எதுவும் இல்லை, ஆனால் வழி கேட்டு வருகிறவர்களை வெறுமனே அனுப்ப முடியாது. எந்த நாளில் எங்கே போக வேண்டும் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

வரத்துக்கால் வேலை ஆரம்பம். ஒரு நாள் கூலி 294 ரூபாய் என்று சட்டப்படி அறிவித்திருந்தாலும், செய்த வேலையை அளவெடுத்துத்தான் கொடுப்பார்கள். கருவேல வேர் பிடுங்குவது கடுமையான வேலை. அளவு எடுக்கும்போது அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பொறியாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 2, திங்கள்

காந்தி ஜெயந்தி கிராம சபை. அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் இதில்தான் முடிவாகும். கிழக்குத் தெருவிலிருந்து கூப்பிடாமலே வந்திருந்தார்கள், கையில் எழுதிய பட்டியலோடு. முதலாவது, குழிகளை மூடிக் குழாயை மேலே தூக்கி, அடியில் சிமெண்டு மேடை. இரண்டாவது, தெருக் கடைசியிலிருந்து மயானத்துக்குப் போகிற பாதை, மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் போக வேண்டியிருக்கிறது. மூன்றாவது, அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர்.

பெரிய தெருவிலிருந்து பேவர் பிளாக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. குழாய் மேடை குடிநீர்ப் பணத்தில் வந்துவிடும், அதில் போட்டி இல்லை. மயானப் பாதையா பேவர் பிளாக்கா என்பதில் ஒரு மணி நேரம் பேச்சு. பாதைக்குத்தான் கை அதிகம் உயர்ந்தது. சுற்றுச்சுவரை வட்டார வளர்ச்சி அலுவலருக்குத் தனியாக எழுதுவது என்று முடிவு.

நாளைக் காலை மேடைக்கு அளவெடுக்க ஆள் வருகிறார்கள். கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.