கண்ணாடி ஓவியம்: அவுட்லைன் ஒரு வழியாகப் பிடிபட்டது

பூஜை அலமாரியின் இரண்டு கதவுகளில் இடக்கதவுக்கான கண்ணாடியில் அவுட்லைன் முழுவதும் முடிந்து, நன்றாகக் காய்ந்து, நகத்தால் நெம்பிப் பார்த்தும் பெயராமல் நிற்கிறது. தோகையைத் தழைய விட்டு நிற்கும் மயில், அதைச் சுற்றி மாங்காய் வரிசை, ஓரத்தில் இரட்டைக் கோடு என்பதுதான் படம். மயிலின் கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக இறங்கித் தோகையின் நுனிவரை செல்லும் ஒற்றை வளைவு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பருமனில், எங்கும் திரளாமலும் மெலியாமலும் விழுந்திருக்கிறது. அந்த ஒரு கோடு தந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். வண்ணம் நிரப்புவது பற்றி விரிவாக எழுதுகிறவர்கள்கூட அவுட்லைன் என்று வந்தால் ‘படத்தை அடியில் வைத்து லைனரால் வரைந்துகொள்ளவும்’ என்ற ஒரே வாக்கியத்துடன் நகர்ந்துவிடுகிறார்கள். லைனர் என்பது டியூபிலிருந்து பிதுக்கிக் கோடு போடும் கெட்டியான பசை. கண்ணாடி ஓவியத்தில் முக்கால் பங்கு வேலை அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சாந்தோம் பேராலயம் போன்ற தேவாலயங்களின் சன்னல்களில் ஒவ்வொரு நிறமும் தனியாக வெட்டப்பட்ட ஒரு கண்ணாடித் துண்டு. அவற்றைக் கோத்துப் பிடித்திருப்பது ஈயப் பட்டை. நாம் வீட்டில் எடுத்துக்கொள்வதோ ஒரே பலகைக் கண்ணாடி. அதில் கருப்பு லைனர் ஈயப் பட்டையின் தோற்றத்தைத் தருவதோடு, நீர்த்த வண்ணத்தைத் தேக்கி நிறுத்தும் கரையாகவும் வேலை செய்கிறது. தோற்றத்தை மட்டும் கருதி மெல்லிய கோடு போட்டால், பார்க்க அழகாக இருக்கும். வண்ணம் விட்டதும் நீலம் பச்சைக்குள் வழிந்துவிடும். கண்ணாடி வண்ணம் தானாகச் சமதளமாகப் பரவும் தன்மை கொண்டது. கோட்டைத் தொட்டவுடன் அதன் சுவரில் சற்றே ஏறி நிற்கும். அப்படி ஏறி நிற்பதற்குக் காய்ந்த கோட்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமாவது வேண்டும் என்பது என் கணக்கு. ஆகவே கோட்டின் அகலத்தைவிட அதன் உயரத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்த உயரம் கிடைப்பதும் கிடைக்காததும் டியூபின் வாய்முனையான நாசிலைப் பிடிக்கும் முறையில் இருக்கிறது.

பேனா பிடித்துப் பழகிய கை நாசிலைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்க்கவே பார்க்கும். அப்படித் தேய்த்தால் லைனர் இரு பக்கமும் பிதுங்கி, நடுவில் பள்ளமும் ஓரங்களில் மேடுமாகத் தட்டையான கோடுதான் கிடைக்கும். நாசில் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொடங்கும் இடத்தில் மட்டும் முனையை வைத்து, லைனர் கண்ணாடியைப் பற்றிக்கொண்டதும், முனையை 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட வேண்டும். அதன் பிறகு கை கோட்டை வரைவதில்லை. லைனர் ஒரு நூலாக அந்தரத்தில் தொங்கி, கை போகும் வழியில் தானே படிகிறது. கோலப் பொடி விரலிடுக்கிலிருந்து தரையில் இழையாக விழுவதைப் போன்றது இது. பொடிக்கோலம் போடுகிற எவரும் தரையை விரலால் தேய்ப்பதில்லை. நூல் அந்தரத்தில் இருப்பதால் கையின் சிறு நடுக்கங்கள் கோட்டில் பதிவதில்லை என்பது இதில் கிடைக்கும் பெரிய இலாபம். நீண்ட வளைவுகள் குறுகிய கோடுகளைவிட எளிதாக வருவதற்கும் இதுவே காரணம்.

அழுத்தத்தையும் வேகத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதில்தான் நீண்ட காலம் செலவாகிறது. லைனர் வெளிவரும் வேகத்தைவிடக் கை வேகமாக நகர்ந்தால் நூல் இழுபட்டு மெலிந்து அறுந்துவிடும். மெதுவாக நகர்ந்தால் நூல் மடிந்து மடிந்து சிறு நெளிவுகளாக விழும். அழுத்தத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு கையின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்பதே எனக்குக் கைகொடுத்த வழி. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முயன்றால் எதுவும் கட்டுப்பாட்டில் நிற்பதில்லை. விரல்களை மட்டும் அசைக்காமல் முழங்கையிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு மரச் சட்டத்தைக் குறுக்கே பாலம்போல் வைத்து, அதில் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டால் ஈரக்கோட்டில் கை படாமல் படத்தின் நடுப்பகுதி வரை எட்டலாம். சட்டம் ஆடாமல் இருப்பது முக்கியம்.

கோடு தொடங்கும் இடத்தில் ஒரு குமிழும் முடியும் இடத்தில் ஒரு வாலும் விழுவது எல்லோருக்கும் உள்ள தொல்லை. தொடக்கக் குமிழுக்கு, நாசில் முனையை ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பாகத் துணியால் துடைத்து, ஒரு துண்டுத் தாளில் சற்று ஓடவிட்டு, ஓட்டம் சீரானதும் கண்ணாடிக்கு வருவது போதுமானது. முடிவைப் பொறுத்தவரை, கோடு முடிவதற்குச் சற்று முன்னரே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். டியூபுக்குள் மிச்சமிருக்கும் அழுத்தம் கடைசிப் பகுதிக்குத் தேவையான லைனரைத் தள்ளிவிடும். பிறகு முனையைக் கண்ணாடிக்குத் தாழ்த்தி, மேல்நோக்கித் தூக்காமல் பக்கவாட்டில் விலக்கினால் வால் விழாது. இரண்டு கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஈரத்தின் மேல் ஈரத்தைப் போடாமல், முதல் கோடு காய்ந்த பிறகு இரண்டாவதை அதன் சுவரில் கொண்டுவந்து முட்ட வைப்பது நல்லது. மாங்காய்களின் உள்வளைவுகளை நான் இப்படித்தான் மறுநாளுக்கு ஒதுக்கினேன். பொறுமையைச் சோதிக்கும் முறைதான். ஆனால் சந்திப்புகள் கூர்மையாக அமைகின்றன.

காற்றுக் குமிழ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் கோட்டின் நடுவே சட்டென்று ஒரு வெடிப்பு, அதைத் தொடர்ந்து ஒரு திட்டு என்று நேர்வதற்கு டியூபுக்குள் சிக்கிய காற்றே காரணம். ஒரு டம்ளரின் அடியில் ஈரமான பஞ்சை வைத்து, லைனரைத் தலைகீழாக அதில் நிறுத்தி வைக்கிறேன். காற்று மேலே, அதாவது டியூபின் அடிப்பக்கம் போய்விடுகிறது. முனையும் உலர்ந்து அடைத்துக்கொள்வதில்லை. பயன்படுத்தத் தொடங்கிய பின் டியூபின் மேலிருந்து கையை முழுவதுமாகத் தளர்த்தினால் முனை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். ஆகவே கோடுகளுக்கு இடையிலும் மெல்லிய பிடி இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் டியூபின் பிளாஸ்டிக் நாசில் இந்த அளவு வேலைக்குப் பருமன் அதிகம் என்பது என் கருத்து. 0.5, 0.7, 0.9 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு துளையளவுகளில் உலோக முனை பொருத்திய சிறு குப்பிகள் கிடைக்கின்றன. வெளிக்கோடுகளுக்கு 0.9, உள் நுணுக்கங்களுக்கு 0.7 என்று பிரித்துக்கொண்டேன். 0.5 முனையில் லைனரின் கெட்டித்தன்மைக்குக் கையை மிகவும் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் நடுக்கம் வந்துவிடுகிறது. முனைகள் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் மெகந்தி கோன் சுற்றத் தெரிந்தவரிடம் கேட்டு, கனமான பிளாஸ்டிக் தாளில் கோன் சுற்றிக்கொள்ளலாம். நுனியை எந்த அளவில் வெட்டுகிறோமோ அதுவே கோட்டின் பருமன் என்பதால், அதில் நம் விருப்பத்துக்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது.

கண்ணாடி 5 மில்லிமீட்டர் கனமுள்ளது. கதவுக்கு அந்தக் கனம் வேண்டும் என்று தச்சர் சொல்லிவிட்டார். கனமான கண்ணாடியில் ஒரு சங்கடம் உண்டு. படம் அடியில் இருக்கிறது, கோடு மேற்பரப்பில் விழுகிறது. இரண்டுக்கும் இடையில் கண்ணாடியின் கனம் நிற்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் இரண்டும் பொருந்தும். தலையைச் சாய்த்து 45 பாகையில் பார்த்தபடி போட்டால், கோடு படத்துக்கு நேர் மேலே விழாமல் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தள்ளி விழும். முழுப் படத்தையும் ஒரே கோணத்தில் பார்த்துப் போட்டால் எல்லாம் ஒரே அளவில் நகர்ந்துவிடும், குறை தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு அருகிலுள்ளதை ஒரு கோணத்திலும் எட்டியுள்ளதை வேறு கோணத்திலும் போடுவதால்தான் ஓர வரிசைகள் இணையாமல் போகின்றன. கண்ணாடியை நம் பக்கம் திருப்பித் திருப்பி வைத்து, போடுகிற பகுதி எப்போதும் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வதே இதற்கு வழி.

கோடு போடுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மட்டும் பயன்படுத்துகிறேன். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குகிறவர்கள் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டிஷ் முறைப்படி தயாராகும் வகையில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய்ப் படலத்தின் மேல் எந்த லைனரும் பிடிக்காது, காய்ந்த பிறகு நூலைப்போல உரிந்து வந்துவிடும்.

பெவிகாலில் கருப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து கோனில் நிரப்பி லைனராகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. செலவு குறைவு, பளபளப்பு நன்றாக இருக்கிறது, குழந்தைகள் பழகுவதற்கு ஏற்றது. ஆனால் அந்தப் பசையில் பாதியளவு நீர் என்பதால், போடும்போது உருண்டு திரண்டு நிற்கும் கோடு காய்ந்ததும் வற்றித் தாழ்ந்துவிடுகிறது. ஈரம் பட்டால் பிசுபிசுப்பதும் உண்டு. சென்னையின் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சுவரே வியர்க்கும்போது அந்தக் கோடு எப்படி நிற்கும்? பலமுறை துடைக்கப்படும் கதவுக்கு அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தரமான தயாரிப்பு லைனர்களிலும் பெரும்பாலானவை நீர் கலந்தவைதாம்; ஆயினும் அவை கெட்டியான பசையாக இருப்பதால் வற்றல் குறைவு, முழுவதும் காய்ந்த பிறகு ஈரத்துக்கு அவ்வளவாக இளகுவதில்லை.

இங்கே ‘முழுவதும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மின்விசிறியின் கீழ் வைத்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்து நீர் கலந்த வண்ணத்தை விட்டால், கருப்பு கசிந்து மஞ்சளைக் கெடுத்துவிடும். விசிறி இல்லாத அறையில், தூசு படாமல் நான்கு மூலையிலும் சிறு கட்டைகளை வைத்து மேலே ஓர் அட்டையை மூடி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மழை நாளில் இரண்டு மடங்கு. பிசிறுகளைச் சரிசெய்ய மிகவும் ஏற்ற நேரம் கோடு பாதி காய்ந்த நிலைதான். ஈரத்தில் துடைத்தால் கறை பரவும். முழுவதும் இறுகிய பின் சீவினால் கோடே பெயரும். ரப்பர்போல இருக்கும்போது கூரிய கத்தியால் ஓரத்தை அறுத்தெடுத்தால் சுத்தமாக வந்துவிடுகிறது. கடைசியாகக் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கட்டமும் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மயிரிழை அளவு திறந்திருந்தாலும் வண்ணம் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

கண்ணாடியும் சட்டமும் சென்னையில் தேவராஜ முதலி தெருவில் வாங்கினேன். விளிம்பு மழுக்கி வாங்குவது அவசியம். டஃபன் செய்த, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய, கண்ணாடி வேண்டுமென்றால் அளவும் துளைகளும் முன்னதாகவே முடிவாகியிருக்க வேண்டும், பிறகு வெட்ட முடியாது. லைனரில் பெவிக்ரிலும் பெபியோவும் என்னிடம் இருக்கின்றன, இரண்டும் 20 மில்லி டியூப்கள். இணைய வழியில் வாங்கிய பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரின் டியூப் பாதி இறுகிய நிலையில் வந்தது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். அதிலிருந்து, அழுத்திப் பார்த்து வாங்கக்கூடிய கடையைத் தவிர வேறெங்கும் லைனர் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இடையில் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அதில் கண்ணாடியின் பின்பக்கத்தில் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, முன்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். ஆகவே சாதாரண ஓவியத்தில் கடைசியில் வரும் கண், நகை, மெல்லிய கோடுகள் எல்லாம் இதில் முதலில் வந்தாக வேண்டும். பின்னணி நிறம் கடைசியில் வரும். கரையாக நிற்க வேண்டிய வேலை அந்தக் கோட்டுக்கு இல்லாததால் உயரம் தேவையில்லை, மெல்லிய தூரிகைக் கோடே போதும். லைனரோடு இவ்வளவு நாள் மல்லுக்கட்டிய கைக்கு, தூரிகைக்குத் திரும்புவது ஒரு தனிப் பயிற்சியாகத்தான் இருக்கும். சிறிய அளவில் ஒரு வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் இடக்கதவுக்கு வண்ணம் விட வேண்டும். கரைப்பான் கலந்த வண்ணங்களைத்தான் எடுத்திருக்கிறேன். அவை நீர் கலந்த லைனரை இளக்குவதில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால், வாடை முழுவதும் நீங்கும்வரை விளக்கு ஏற்றும் இடத்தின் பக்கமே கண்ணாடியைக் கொண்டுபோகக் கூடாது. வண்ணம் தீட்டிய முகத்தை வெளிப்பக்கமாக வைக்கப் போகிறேன், உள்பக்கம் விளக்குக் கரி படியும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

வலக்கதவின் மயில் இதை நோக்கி நிற்க வேண்டும். டிரேசிங் தாளைக் கவிழ்த்து வைத்தால் படம் வந்துவிடும். கைக்கு அந்த வசதி இல்லை. ஒரு திசையில் இயல்பாக வருகிற வளைவு, மறுதிசையில் முழங்கைக்குள் மடங்கிக்கொள்கிறது. கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி, தோகை நுனியிலிருந்து கழுத்தை நோக்கி இழுத்தால் கை தடையில்லாமல் போகிறது என்று வெறும் தாளை அடியில் வைத்துப் பார்த்ததில் தெரிகிறது. லைனரோடு ஒரு பழைய கண்ணாடியில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, புது டியூபைத் திறக்கலாம் என்றிருக்கிறேன்.